சுவரில் மண்டியிட்ட குடும்பம்

1485 செப்டம்பர் 1. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் ஒரு வங்கியாளரும் ஓர் ஓவியரும் ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார்கள். வங்கியாளரின் பெயர் ஜொவான்னி டோர்னாபுவோனி. ஓவியர் டொமெனிக்கோ கிர்லாந்தையோ. சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் தலைமைப் பீடத்தைச் சுற்றியிருக்கும் சுவர்கள் முழுவதும் ஓவியம் தீட்ட வேண்டும். கெடு 4 ஆண்டு. கூலி 1,100 பொன் ஃபுளோரின்.

இத்தனை பணத்தை ஏன் செலவழிக்கிறேன் என்பதை அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். கடவுள்மேல் உள்ள பக்தியால் செய்கிறேன், என் வீட்டுக்கும் குலத்துக்கும் பெருமை சேர வேண்டும் என்பதற்காகச் செய்கிறேன், தேவாலயமும் அதன் சிற்றாலயமும் அழகு பெற வேண்டும் என்பதற்காகச் செய்கிறேன். மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. பக்தி என்று சொல்லிவிட்டு உடனே குலப்பெருமையைச் சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பிய ஓவியங்களைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். அந்த ஊரில், அந்த நூற்றாண்டில், இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கமே இல்லை. மூன்றும் சேர்ந்து குடியிருந்த இடத்துக்குப் பெயர் குடும்பச் சிற்றாலயம்.

சிற்றாலயம் யாருடையது?

பெரிய தேவாலயத்துக்குள் நுழைந்தால் நடுவில் தலைமைப் பீடம் இருக்கும். அதன் இரு பக்கங்களிலும், குறுக்குக் கூடத்திலும் சின்னச் சின்ன அறைகள் போலப் பல மாடங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் தனியாக ஒரு பீடம், பெரும்பாலும் தனியாக ஒரு புனிதர். இவைதான் சிற்றாலயங்கள். கட்டடம் தேவாலயத்துடையது. ஆனால் ஒவ்வொரு சிற்றாலயத்தின் மேலும் ஏதாவது ஒரு குடும்பத்துக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் புரவலர் உரிமை என்று சொல்லலாம்.

குடும்பம் என்ன கொடுக்கும்? சிற்றாலயத்தைக் கட்டவும் பராமரிக்கவும் பணம் கொடுக்கும். ஓவியம், பீடத் துணி, வெள்ளிப் பாத்திரம், மெழுகுவர்த்தி எல்லாம் அவர்கள் செலவு. அப்புறம் ஒரு நிலமோ வீட்டு வாடகையோ எழுதிவைத்து, அதன் வருமானத்தில் ஆண்டுதோறும் பூசை நடக்க ஏற்பாடு செய்யும். பதிலுக்குக் குடும்பம் என்ன பெறும்? இறந்தவர்களை அங்கே அடக்கம் செய்யலாம். குடும்பச் சின்னத்தைச் சுவரிலும் வளைவிலும் பதிக்கலாம். எந்த ஓவியர், எந்தக் கதை என்பதைத் தீர்மானிக்கலாம். இந்த உரிமை தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும். நம் கோயில்களில் கட்டளை, உபயம் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு சட்டென்று பிடிபடும்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இறந்த ஆன்மா எப்போதும் நேரே மோட்சத்துக்குப் போய்விடுவதில்லை, செய்த பாவத்துக்கான கறை தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படும், உயிரோடு இருப்பவர்களின் செபமும் பூசையும் அந்தக் காலத்தைக் குறைக்கும் என்பது கத்தோலிக்கப் போதனை. இன்றும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் இறந்தவர் பெயரில் பூசைக் கருத்துக் கொடுப்பதும், நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் இதே நம்பிக்கையிலிருந்து வந்தவைதான். ஃபிளாரன்ஸ் வணிகர் அதற்காக ஒரு சுவரையே ஏற்பாடு செய்தார். பூசை செய்யும் குருவும் உடனிருக்கும் மக்களும் நிமிர்ந்து பார்க்கும்போது, யாருக்காக வேண்டிக்கொள்கிறோம் என்பது கண்ணெதிரே தெரிய வேண்டும். அதனால்தான் பணம் கொடுத்தவரும் அவர் மனைவியும் கைகூப்பி மண்டியிட்ட கோலத்தில் ஓவியத்துக்குள்ளேயே இருக்கிறார்கள்.

டோர்னாபுவோனி சிற்றாலயத்தில் ஜன்னலுக்கு ஒரு பக்கம் ஜொவான்னியும் மறுபக்கம் அவர் மனைவி பிரான்செஸ்கா பித்தியும் அப்படி மண்டியிட்டிருக்கிறார்கள். பார்ப்பவருக்கு இருவரும் ஒன்றாக வந்து முழந்தாளிட்டது போலத் தோன்றும். உண்மையில் பிரான்செஸ்கா 1477-லேயே பிரசவத்தில் இறந்துவிட்டார். ஓவியம் முடிந்தது 1490-இல். இருப்பவருக்கும் இறந்தவருக்கும் நடுவே சுவர் எந்த வேறுபாடும் காட்டவில்லை. எனக்கு இந்த ஓவியங்களில் மிகவும் பிடித்தது இதுதான்.

வட்டியும் மனசாட்சியும்

வங்கியாளர்கள்தான் இதில் அதிகம் செலவழித்தார்கள் என்பது தற்செயல் கிடையாது. வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை போதித்தது. வங்கித் தொழிலோ எப்படிச் சுற்றி வளைத்தாலும் கடைசியில் வட்டியில்தான் வந்து நிற்கும். தவறாகச் சேர்த்ததைத் திருப்பிக் கொடுத்தால்தான் மன்னிப்பு என்றும் போதித்தார்கள். யாரிடம் வாங்கினோம் என்றே தெரியாத பணத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது? கடவுளுக்குக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் இருந்தது.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் ஃபிளாரன்ஸில் இல்லை, பாதுவா நகரில் இருக்கிறது. அங்கே ரெஜினால்தோ ஸ்க்ரொவெஞ்ஞி என்பவர் வட்டிக்கு விட்டுப் பெரும் பணம் சேர்த்தவர். கவிஞர் தாந்தே தன் காவியத்தில் நரகத்தில் தவிக்கும் வட்டிக்காரர்களைக் காட்டும்போது, வெள்ளைப் பையில் சினைப் பன்றியின் நீல உருவத்தோடு ஒருவரை உட்கார வைக்கிறார். அது ஸ்க்ரொவெஞ்ஞி குடும்பச் சின்னம். பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. பெருமைக்காகச் சுவரில் பதிக்கும் சின்னமே அவமானத்துக்கும் அடையாளமாகிவிடும் என்பதைக் கவனியுங்கள்.

அவருடைய மகன் எந்ரிக்கோ 1300-இல் பாதுவாவில் பழைய ரோமானிய அரங்கம் இருந்த நிலத்தை வாங்கி ஒரு சிற்றாலயம் கட்டினார். 1305 மார்ச் 25 அன்று அது அர்ச்சிக்கப்பட்டது. உள்ளே ஓவியம் தீட்டியவர் ஜொத்தோ. ஐரோப்பிய ஓவியத்தின் போக்கையே மாற்றிய சுவர்கள் அவை. பீடத்துக்கு முன்னால் இருக்கும் வளைவின் ஒரு பக்கத்தில், இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் காசுப் பையை வாங்கிக்கொள்கிறான், அவனுக்குப் பின்னால் சாத்தான் நிற்கிறான். எதிர்ச்சுவரில் இறுதித் தீர்ப்பு. அதில், மீட்கப்பட்டவர்கள் இருக்கும் பக்கத்தில், எந்ரிக்கோ மண்டியிட்டுத் தான் கட்டிய சிற்றாலயத்தின் சிறு வடிவத்தை மாதாவிடம் சமர்ப்பிக்கிறார். அப்பாவின் பணத்துக்கு மகன் தேடிய பரிகாரம் என்று இதைப் பலரும் வாசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். அதே சமயம், பக்கத்து மடத்துத் துறவிகள் இந்த ஆடம்பரத்தை எதிர்த்து அப்போதே முறையிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

தியோடோரோ என்ற பெயர்

ஒரே ஒரு சிற்றாலயத்தைப் பார்த்தால் போதும் என்று யாராவது கேட்டால், சாந்தா திரினிதா தேவாலயத்தில் உள்ள சாசெட்டி சிற்றாலயத்தைத்தான் சொல்வேன். பிரான்செஸ்கோ சாசெட்டி, மெதிச்சி வங்கியின் தலைமை மேலாளர். ஊரையே கையில் வைத்திருந்த லொரென்சோ தே மெதிச்சிக்கு நெருக்கமானவர். அவர் குடும்பத்துக்கு முதலில் சாந்தா மரியா நொவெல்லாவில்தான் பழைய உரிமை இருந்தது. அங்கே தன் பெயர்ப் புனிதரான அசிசி பிரான்சிஸின் வாழ்க்கையைத் தீட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. பிரான்செஸ்கோ என்றாலே பிரான்சிஸ்தான். ஆனால் அது டொமினிக்கன் துறவிகளின் தேவாலயம். வேறொரு சபையை நிறுவியவரின் கதையைத் தங்கள் தலைமைப் பீடத்தைச் சுற்றி வரைய அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். சாசெட்டி சாந்தா திரினிதாவுக்கு வந்தார். அங்கேயும் அவர் தேர்ந்தெடுத்த ஓவியர் கிர்லாந்தையோதான். டோர்னாபுவோனி வேலைக்கு முந்தைய வேலை இது.

சிற்றாலயத்தின் நடுவே பீடம். அதன்மேல் 1485-இல் முடிந்த ஓவியம், இடையர்கள் குழந்தை இயேசுவை வணங்கும் காட்சி. இரு பக்கமும் சாசெட்டியும் அவர் மனைவி நேரா கோர்சியும் மண்டியிட்டிருக்கிறார்கள். அவர்கள் உருவத்துக்குக் கீழே பொறித்திருக்கும் தேதி 1480 டிசம்பர் 25. பக்கச் சுவர்களில் இருவருக்கும் கறுப்பு நிறக் கல்லில் கல்லறைப் பேழைகள்.

பீடத்துக்கு நேர் மேலே இருக்கும் காட்சிதான் எல்லாவற்றுக்கும் மையம். ரோமில் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்த ஒரு சிறுவனைப் புனித பிரான்சிஸ் உயிர்ப்பிக்கிறார். கதை ரோமில் நடக்கிறது. கிர்லாந்தையோ அதை எடுத்துவந்து சாந்தா திரினிதா தேவாலயத்து வாசலிலேயே நடத்திவிட்டார். பின்னால் ஆர்னோ ஆற்றுப் பாலம் தெரிகிறது. பக்கத்தில் தேவாலயத்தின் அன்றைய முகப்பு தெரிகிறது. அந்த முகப்பு 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாற்றிக் கட்டப்பட்டுவிட்டதால், பழைய தோற்றத்தை அறிய இந்த ஓவியமே சான்று. கட்டிலில் எழுந்து உட்காரும் பையனைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் சாசெட்டி குடும்பத்துப் பெண்களும் மருமகன்களும் இருக்கிறார்கள்.

ஏன் இந்தக் கதை? சாசெட்டியின் மூத்த மகன் தியோடோரோ 1479-இல் இறந்துபோனான். கொஞ்ச காலத்திலேயே நேராவுக்கு இன்னொரு ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்கும் தியோடோரோ என்றே பெயர் வைத்தார்கள். 'கடவுளின் கொடை' என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் அது. இறந்தவர் பெயரைப் புதிதாகப் பிறந்த குழந்தைக்கு வைப்பதை அந்த ஊர்க்காரர்கள் 'மறுபடி உண்டாக்குவது' என்று சொன்னார்கள். போனவர் அந்தப் பெயரில் திரும்பி வருகிறார் என்ற எண்ணம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற நமக்கு இந்த மனசு புரியாமல் போகாது. அந்தப் பின்னணி தெரியாமல் பார்த்தால் அது புனிதரின் அற்புதங்களில் ஒன்று, அவ்வளவுதான். தெரிந்து பார்த்தால், தலைமகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனும் தாயும் தங்கள் தெருவிலேயே ஒரு பிள்ளை எழுந்து உட்காருவதை மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்கும் மேலே இருக்கும் காட்சியில் தொனி மாறுகிறது. பிரான்சிஸின் சபைக்குத் திருத்தந்தை ஒப்புதல் தரும் காட்சி அது. முன்வரிசையில் லொரென்சோ தே மெதிச்சி நிற்கிறார், அவருக்குப் பக்கத்தில் சாசெட்டி. படிக்கட்டில் லொரென்சோவின் பிள்ளைகள் தங்கள் ஆசிரியரோடு ஏறி வருகிறார்கள். மெதிச்சி வீட்டோடு தனக்குள்ள நெருக்கத்தை ஊருக்குச் சொல்லும் இடம். கீழே கண்ணீரும் மேலே அந்தஸ்தும் ஒரே சுவரில் இருக்கின்றன. இரண்டில் ஒன்று போலி என்று நினைக்க வேண்டியதில்லை. சாசெட்டிக்கு இரண்டும் உண்மை.

ஈரம் காய்வதற்குள்

இத்தனை முகங்களைச் சுவரில் எப்படித் தீட்டினார்கள்? இந்த முறைக்குப் பெயர் ஃபிரெஸ்கோ. 'புதியது, ஈரமானது' என்று பொருள். அன்றைக்குத் தீட்ட முடிகிற அளவுக்கு மட்டும் காலையில் சுண்ணாம்புச் சாந்தைப் பூசுவார்கள். அது ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் கரைத்த வண்ணத்தைத் தீட்ட வேண்டும். காயும்போது சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து இறுகி, வண்ணத்தைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும். வண்ணம் சுவரின் மேல் ஒட்டியிருப்பதில்லை, சுவராகவே ஆகிவிடுகிறது. 500 ஆண்டு தாண்டியும் நிற்பதற்கு இதுதான் காரணம். பின்னணி என்றால் ஒரே நாளில் பெரிய பரப்பை முடித்துவிடலாம். ஒரு முக்கியமான முகத்துக்கே ஒரு நாள் போய்விடும். அதனால் சாந்தின் இணைப்புக் கோடுகளைப் பார்த்தே எத்தனை நாள் வேலை என்று ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள். சில நீல நிறங்கள் மட்டும் ஈரச் சுண்ணாம்போடு ஒத்துப்போகாது. அவற்றைக் காய்ந்த பிறகு பசை கலந்து பூசினார்கள். அவைதான் முதலில் உதிர்ந்தன.

இதைத் தனி ஆளாக யாரும் செய்ய முடியாது. ஓவியரின் பட்டறையும் ஒரு குடும்பம்தான். கிர்லாந்தையோவோடு அவர் தம்பிகள் தாவிதேயும் பெனெதெத்தோவும் வேலை செய்தார்கள். தங்கையைக் கட்டிய மைனார்தியும் அதே பட்டறையில் இருந்தார். பின்னாளில் மகன் ரிதோல்ஃபோவும் ஓவியரானார். குடும்பத்தின் பட்டப்பெயரிலேயே தொழில் இருக்கிறது. அவர்கள் அப்பா பொற்கொல்லர், பெண்கள் தலையில் அணியும் மாலை போன்ற நகைகளைச் செய்தவர். கிர்லாந்தையோ என்றால் மாலை கட்டுபவர் என்று பொருள். சாசெட்டி பீட ஓவியத்தில் குழந்தை இயேசுவுக்குப் பின்னால் தொட்டியாக வைத்திருக்கும் பழைய ரோமானியக் கல்பேழையில் ஒரு மாலை செதுக்கியிருக்கிறது. பக்கத்தில் ஓர் இடையர் கை நீட்டிக் காட்டுகிறார். அந்த முகம் ஓவியருடைய முகமே என்று கருதுகிறார்கள். பணம் கொடுத்த குடும்பம் மண்டியிட்ட இடத்திலேயே, தீட்டிய குடும்பமும் தன் பெயரை வைத்துவிட்டது. 1488-இல் இந்தப் பட்டறைக்கு 13 வயதுப் பையன் ஒருவன் தொழில் கற்க வந்து சேர்ந்தான். மிக்கேலாஞ்சலோ என்று பெயர்.

சின்னத்துக்கு நடந்த சண்டை

டோர்னாபுவோனி எடுத்துக்கொண்ட தலைமைப் பீடத்துச் சிற்றாலயம் அதுவரை ரிச்சி என்ற குடும்பத்துக்கு உரியது. பழைய ஓவியங்கள் கெட்டுப்போயிருந்தன. புதுப்பிக்க ரிச்சி குடும்பத்திடம் பணம் இல்லை, உரிமையை விடவும் மனமில்லை. செலவு முழுவதும் என்னுடையது, உங்கள் சின்னத்தை மிக மரியாதையான இடத்தில் வைக்கிறேன் என்று டோர்னாபுவோனி வாக்குக் கொடுத்தாராம். வேலை முடிந்து திறந்தபோது டோர்னாபுவோனியின் சின்னம் தூண்களில் பெரிதாக நின்றது. ரிச்சியின் சின்னத்தைக் காணோம். அவர்கள் நீதிபதிகளிடம் போனார்கள். தேடிப் பார்த்தால் அது நற்கருணைப் பேழையில் சிறியதாக இருந்தது. இயேசுவின் உடலை வைக்கும் இடத்தைவிட மரியாதையான இடம் உண்டா என்று டோர்னாபுவோனி கேட்க, வழக்கு அவர் பக்கம் முடிந்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி சொல்லும் கதை இது. ஒரு சின்னம் எங்கே, எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதற்காக நீதிமன்றம் வரை போகலாம் என்று கேட்டவர்கள் நம்பினார்கள் என்றால், அந்தச் சின்னங்களுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்க வேண்டும்!

இதே தேவாலயத்தின் முகப்பில் இன்னொரு வணிகரான ஜொவான்னி ருச்செல்லாயின் பெயர் 1470 என்ற ஆண்டோடு பெரிய எழுத்தில் பொறித்திருக்கிறது. வெளியே நின்றாலே படிக்கலாம்.

பெயரை வைக்க முடியும் என்றால் அழிக்கவும் முடியும். ஆற்றின் மறுகரையில் சாந்தா மரியா தெல் கார்மினே தேவாலயத்தில் பிராங்காச்சி சிற்றாலயம் இருக்கிறது. பட்டு வணிகர் ஃபெலிச்சே பிராங்காச்சிக்காக 1420-களில் மசோலினோவும் மசாச்சோவும் அதைத் தீட்டத் தொடங்கினார்கள். இளைய ஓவியர்கள் மசாச்சோவைப் படித்துத்தான் உருவானார்கள். ஆனால் ஃபெலிச்சே மணந்தது பல்லா ஸ்த்ரோட்சியின் மகளை. ஸ்த்ரோட்சி மெதிச்சிகளின் எதிரணி. 1434-இல் கோசிமோ தே மெதிச்சி ஊருக்குத் திரும்பி அதிகாரத்தைப் பிடித்ததும் ஸ்த்ரோட்சி நாடு கடத்தப்பட்டார். அடுத்த சில ஆண்டுகளில் பிராங்காச்சியும் போனார். வேலை அதற்கு முன்பே பாதியில் நின்றிருந்தது. சுவரில் இருந்த பிராங்காச்சி குடும்பத்து முகங்களைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஏறக்குறைய 50 ஆண்டு கழித்து 1480-களில் பிலிப்பீனோ லிப்பி மிச்சத்தை முடித்தபோது வேறு ஆட்களின் முகங்கள் அங்கே வந்தன. இன்றும் அதற்குப் பிராங்காச்சி சிற்றாலயம் என்றுதான் பெயர். அந்தக் குடும்பத்தைத்தான் அங்கே பார்க்க முடியாது.

அதனால் இப்படியொரு சுவருக்கு முன்னால், அல்லது அதன் படத்துக்கு முன்னால், உட்காரும்போது கதையை மட்டும் பார்க்காதீர்கள். மண்டியிட்டிருப்பவர் யார், அவருடைய பெயர்ப் புனிதர் யார், கூட்டத்தில் நம்மை நேராகப் பார்க்கும் முகம் யாருடையது, அந்த வீட்டில் அப்போது யார் இறந்திருந்தார்கள் என்று கேளுங்கள். டோர்னாபுவோனி சிற்றாலயத்தில் மாதா எலிசபெத்தைச் சந்திக்கும் காட்சியில் பொன்னிழை உடையோடு விறைப்பாக நிற்கும் இளம்பெண் ஜொவான்னா தெலி அல்பிட்சி, அந்த வீட்டு மருமகள். 1486-இல் திருமணம், 1488-இல் வயிற்றில் இரண்டாவது பிள்ளையோடு மரணம். கருவுற்ற இரண்டு பெண்கள் சந்திக்கும் காட்சியில்தான் அவரை நிறுத்தியிருக்கிறார்கள்.

சாசெட்டியின் கடைசிக் காலம் நன்றாக இல்லை. மெதிச்சி வங்கியின் லியோன் கிளை பெரும் நஷ்டத்தில் இருந்தது. அதைச் சரிசெய்ய 1488-இல் பிரான்ஸுக்குப் புறப்படும்முன் மகன்களுக்கு அறிவுரையாக ஒரு கடிதம் எழுதிவைத்தார். சொத்தைவிடக் கடன் அதிகமாக விட்டுச் சென்றாலும், என் வாரிசுரிமையை நீங்கள் மறுத்துவிடக் கூடாது, அந்த விதியோடுதான் வாழ வேண்டும், அது உங்கள் கடமை என்று அதில் கேட்டுக்கொள்கிறார். 1490-இல் இறந்தார். 1494-இல் மெதிச்சிகள் ஊரைவிட்டு விரட்டப்பட்டார்கள், வங்கியும் முடிந்தது. அதே ஆண்டில் கிர்லாந்தையோவும் காய்ச்சலில் இறந்தார்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கிர்லாந்தையோ பலகையில் தீட்டிய சாசெட்டியின் படம் ஒன்று இருக்கிறது. சிவப்பு உடையில் அவர், பக்கத்தில் ஒரு சிறுவன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கிறான். பிரான்செஸ்கோ சாசெட்டி, மகன் தியோடோரோ என்று இலத்தீனில் எழுதியிருக்கிறது. அது முதல் தியோடோரோவா, இரண்டாவது தியோடோரோவா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை.